கரண்டு வராத டவர்

அக்கா,

நேற்று என் அறைக்கு வாஷிங் மெஷின் வந்தது. கொண்டுவந்தவர் அட்டைப்பெட்டியைக் கிழிக்கப் போனார். “கிழிக்காதீங்க, ஓரமா அறுங்க!” என்று கத்திவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புது அட்டையின் வாசனை, கொஞ்சம் பசையும் கொஞ்சம் தூசியுமாக, அறை முழுக்கப் பரவியது. எனக்கு ஒரு கோடுகூட நேராக வரைய வராது. ஆனாலும் அச்சடிக்காத பக்கத்தை அளவாக அறுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். தெருவில் யார் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்தாலும் படம் வரைய முதல் ஆளாகப் போய் அட்டைக்கு நிற்பீர்களே, அது என்னையும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நமக்கு ஒரே கம்பெனி. நீங்கள் சார்ஜர் செய்யும் லைனில், நான் மெஷின் மெயின்டெனன்ஸில். கம்பெனி பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னல் சீட், எனக்குப் பக்கத்து சீட். நீங்கள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. “தம்பி, ஏரி மேல கால வெக்காத.” குனிந்து பார்த்தால் என் பூட்ஸுக்குக் கீழே நீல பிளாஸ்டிக் கவரில் ஒரு படம். ஏரியில் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் வெறும் அட்டை. பெயின்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். “மண்ணு கலரு அட்டையிலயே கீதே, மேல எதுக்குப் பூசணும்?” என்றீர்கள். காலை நகர்த்திக்கொண்டேன்.

பிள்ளைப்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்று, பஸ் அசையாமல் கிடந்த சாயங்காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. நான் டிரைவரையும் லாரியையும் ரோடு போட்டவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் முழங்கையை இடித்தீர்கள்.

“அங்க பாரு.”

தண்ணீரை ஒட்டி நின்ற ஹைடென்ஷன் டவரின் கையில் ஒரு நீர்க்காகம், இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்து அப்படியே நின்றது.

“ஷிப்ட் முடிஞ்சி யூனிஃபார்ம காயப் போட்டுகினு கீது. வூட்டுக்குப் போனா எனக்கும் அதான் வேல.”

அதன் இறகில் தண்ணீர் ஊறும், உலர்த்தாவிட்டால் பறப்பது கஷ்டம் என்று நான் விளக்கினேன். “அதாம்ப்பா நானும் சொல்றேன். நாளிக்கி அத்தயேதான் போட்டுகினு வரணும்” என்றீர்கள். பஸ் நகர்ந்த பிறகும் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அந்த டவரும் பறவையும் அடுத்த படமாக வந்தன. பறவை அருமை. டவர் படுமோசம். எனக்குப் பொறுக்கவில்லை.

“கம்பியத் தாங்குற இன்ஸுலேட்டர் தொங்கணும்க்கா. நீங்க செடி மாதிரி நட்டு வச்சிருக்கீங்க. கம்பியும் எங்கேயும் சேரல.”

“அப்ப கரண்டு வராதா, இன்ஜினியரே?”

“வராது.”

“நல்லதாப் போச்சு. அதுக்கு ஷாக் அடிக்காது.”

டவரில் உட்கார்ந்தால் எப்படியும் ஷாக் அடிக்காது என்று ஆரம்பித்தேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் முன் சீட்டில் தூங்கியவர் எழுந்துவிட்டார். அப்புறம் தினமும் பஸ் ஏறியதும், “இன்னா, இன்னிக்கி கரண்டு வந்துச்சா?” என்று கேட்பீர்கள். நான் தினமும் “வரல” என்பேன்.

மாதா கோயில் ஹாலில் உள்ளூர்க்காரர்கள் வரைந்ததை மாட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் உங்களைப் பிடிக்க முடியவில்லை. “ஒரு தடவ சொவத்துல மாட்டி, தள்ளி நின்னு பாத்துடணும்ப்பா. வூட்ல தள்ளி நிக்க எங்க எடம்?” ஆனால் ஏற்பாடு செய்த டிராயிங் மாஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இயற்கைக் காட்சியில் டவர் எதற்கு, எடுத்துவிட்டுக் கொண்டுவா என்று சொல்லிவிட்டார். மறுநாள் பஸ்ஸில் நீங்கள் சிரிக்கவில்லை. “அத்த எடுத்துட்டா அது எங்க காயப் போடும்ப்பா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டீர்கள்.

அடுத்த வாரம் பெய்த மழையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

படத்தை உங்கள் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவில் வைத்து ஹாலுக்குக் கொண்டுவந்தார். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். சுவர் நிறையப் படங்கள். ஒரு செக்யூரிட்டி, தன் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டையின் அல்லிப் பூக்களை மட்டுமே வரைந்திருந்தார். ஒரு நர்ஸ், வார்டு ஜன்னலில் தெரியும் வேப்பங்கிளையை. ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்று, எதைப் பார்த்து வரைந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் சும்மா நின்றோம்.

மாஸ்டர் நல்ல மனிதர்தான். கண் கலங்கித்தான் வந்தார். ஆனால் கையில் பிரஷ் இருந்தது.

“டவர மட்டும் மேகமாக்கிடறேன். நிமிஷத்துல முடிஞ்சிடும். படம் எங்கயோ போயிடும்.”

“பறவை எதுமேல சார் உக்காரும்?” என்றேன்.

“ஒரு மரம் போட்டுடலாம்.”

“அங்க மரம் இல்ல சார். டவர்தான் இருக்கு. அதுல சிறகு காயவைக்கிறதப் பார்த்துதான் அக்கா வரைஞ்சாங்க. எங்க யூனிஃபார்ம் காயுற மாதிரி இருக்குன்னு சொன்னாங்க.”

உங்கள் வீட்டுக்காரர் அப்போதுதான் தலையைத் தூக்கினார். “யூனிஃபார்ம மொட்ட மாடில ஒதறி ஒதறிப் போடும் சார்” என்றார். கையால் உதறியும் காட்டினார்.

மாஸ்டர் கிட்டே போய்ப் படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ இன்ஜினியர்தானே? டவராவது ஒழுங்கா இருக்கா? தப்பா இருந்தா நாலு பேர் சிரிப்பாங்கப்பா.”

அக்கா, என்னைத் தெரியுமே உங்களுக்கு. ஒரு நட்டு தளர்ந்திருந்தாலும் லைனை நிறுத்துகிறவன். இன்ஸுலேட்டர்கள் செடி மாதிரியே நட்டுக்கொண்டு நின்றன. கம்பி எங்கேயும் சேரவில்லை.

“கரெக்டா இருக்கு சார்” என்றேன்.

அவர் பிரஷ்ஷைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். நானும் உங்கள் வீட்டுக்காரரும் எதிர்ச்சுவர் வரைக்கும் தள்ளிப் போய் நின்று பார்த்தோம்.

இப்போது ஜன்னல் சீட்டில் நான்தான் உட்காருகிறேன். ஏரி வந்தால் தானாகக் கழுத்து திரும்புகிறது. சில நாள் அது இருக்கிறது, சிறகை விரித்துக்கொண்டு. சில நாள் வெறும் டவர். இன்றைக்கு இருந்தது. கரண்டு வந்ததா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

வரவில்லை அக்கா. நீங்கள் சொன்னதுதான் சரி, நல்லதாப் போச்சு.