கயிற்றின் மறுமுனை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். நாலு சக்கர ஏடிவி பைக் சாவி ஆணியில இருக்கு, வண்டியை எடுத்துடாதீங்க.

வண்டி முன்னாடி இருக்கிற, கயிறு சுத்தி இழுக்கிற வின்ச்சைப் பிரிச்சுப் பார்த்துட்டேன். கியர் தேஞ்சுடுச்சுன்னு மெக்கானிக் சொன்னாரே, அப்படி ஒண்ணும் தேயல. சும்மா விட்டா சமத்தா சுத்துது. கட்டையைக் கட்டி இழுத்தா, உருளை மேல கயிறு வழுக்கிக் கையை விரிச்சிடுது. புதுக் கயிறு போட்ட அன்னிக்கும் நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. வீம்புக்கு நானே தனியா சுத்தினேன். எதிர்ல ஒருத்தர் இழுத்துப் பிடிக்காததால அத்தனை சுத்தும் தொளதொளன்னு கிடக்கு.

திரும்ப இறுக்கிச் சுத்தறதுக்காக கயித்தை முழுசா அவிழ்த்து வாசல்ல நீட்டிப் போட்டிருக்கேன். இருட்டறதுக்குள்ள வேலை முடிஞ்சு வந்துடுவேன்.

பி.கு: கொக்கி முனை, நீங்க இப்ப தனியா படுக்கிற ரூம் ஜன்னலுக்குக் கீழ இருக்கு. கையுறையும் அங்கேயே. பேசக்கூட வேணாம், நான் சுத்தும்போது இழுத்துப் பிடிச்சா போதும்.