மீன்தொட்டிக்கு எந்தப் பசை?

14 ஜூன் 2011, செவ்வாய்.

அக்காள் மகள் ஜெனி ஊருக்குப் போகும்போது தன் கண்ணாடி மீன்தொட்டியை என்னிடம் ஒப்படைத்தாள். மூன்றே நாளில் அதன் மூலை ஒழுகி, முன்னறையில் பேச்சிப்பாறை அணையே திறந்துகொண்டது. மீன்கள் இப்போது சோற்றுப்பானையில் இருக்கின்றன.

வடசேரிக் கடைக்காரர் ஒரு சிலிக்கான் பசைக் குழாயை எடுத்துத் தந்தார். "வாடையே கிடையாது, பூஞ்சையும் பிடிக்காது. குளிமுறி, பாத்ரூமுக்கு எல்லாரும் இதுதான் வாங்குவாவ." தாஜ்மகாலின் விரிசலை அடைப்பவன் போல நாலு மூலையும் பூசி முடித்தேன்.

சாயங்காலம் கண்ணாடி வேலை செய்யும் ஸ்டீபன் வந்து பார்த்துச் சிரித்தான். "அண்ணாச்சி, பூஞ்சையைக் கொல்லுத மருந்து மீனை மட்டும் கொஞ்சுமா? மருந்து கலக்காததா வாங்கணும். பூசும்போ வினிகர் கணக்கா புளிச்ச வாடை அடிக்கும். அது முழுசா போனபிறவுதான் தண்ணி விடணும்."

நாறுவது நல்லதாம், நாறாதது நஞ்சாம். என் ஐம்பது வருட ஞானம் கவிழ்ந்துவிட்டது. கடைக்காரரிடம் போனில் கேட்டால், "ஒண்ணும் ஆவாது" என்கிறார். யாரை நம்புவது?

ஒரு மீனை மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்நேரம் பார்த்து ஜெனி போனில் வந்தாள். "மாமா, ஏஞ்சல் தின்னாளா? குட்டன் சண்டை போடுதானா?" ஐந்துக்கும் பேர் வைத்திருக்கிறாள். எதை விடுவது?

பூசியதையெல்லாம் நாளைக் காலையில் பிளேடால் சுரண்டப் போகிறேன். ஸ்டீபன் சொன்னது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. குட்டனை உள்ளே விட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் இந்த மாவீரனுக்கு இல்லை.