கலங்கல்னா கண்ணீர் இல்லடி

அன்பு மக பானுப்பிரியாவுக்கு அம்மா எழுதறது, இங்க நானும் உன் நைனாவும் முட்டிவலியத் தவிர வேற கொறையில்லாம கீறோம், அங்க அயர்லாந்து குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாம கீறீங்களான்னு தெரிஞ்சா என் மனசு ஆறும். போன் இருக்கச்சொல்ல இவ இன்னாத்துக்கு பேப்பர எடுத்துகினு குந்தினான்னு நெனைப்பே. போன்ல நான் வாயத் தொறந்தா நீ அழுவுற, உன்ன சமாதானம் பண்றதுலயே நேரம் போயிடுது, சொல்ல வந்தது அப்படியே நிக்குது. அத்தோட உன் நைனா வேற பக்கத்துல காத நீட்டிகினு கீறாரு. அதான் எழுதி, எதிர் ஊட்டு எல்லம்மா பொண்ணு ஜோதிகாவ உட்டு போட்டோ புடிச்சு அனுப்பறேன். அழாம முழுசா படி.

வெள்ளம் வடிஞ்சு ஊடு காஞ்சிடுச்சு. பிரிட்ஜ் போச்சு, மெத்தை போச்சு, செவுத்துல தண்ணி நின்ன கோடு மட்டும் சுண்ணாம்பு அடிச்சும் போவல. எல்லம்மாவோட தையல் மிஷின் துரு ஏறி நின்னுடுச்சு, ரசாக் பாய் அத்த பிரிச்சு எண்ணெய் போட்டு ஓட உட்டுகீறாரு, பாவம் அவரு மெக்கானிக் கடையே முழுவி கெடக்கச்சொல்ல அந்த வேலைய செஞ்சாரு. கார்த்திகையில பேஞ்சது சின்ன மழைன்னு நான் சொல்லல, நல்ல மழைதான். ஆனா ஒண்ணு கேளு, மழை பேயச்சொல்ல நம்ம ஊட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. மழை உட்டு, வெயிலு அடிச்சு, நான் மொட்டை மாடில துணி காயப்போட்டு எறங்கினப்பறந்தான் தண்ணி உள்ள வந்துச்சு. அது வானத்துலேர்ந்து வந்த தண்ணி இல்லடி, ஏரித் தண்ணி. கிரைண்டருக்குக் கீழ கெளுத்தி மீனு துள்ளினு இருந்துச்சு. ஏரி ரொம்பினா மிச்சத் தண்ணி வழிஞ்சு கால்வாய்க்குப் போவ கெழக்கால கல்லு வெச்சு கட்டின கலங்கல் கீது இல்ல, அது வாசல்ல போன வருஷம் ஒரு குடோன் வந்துச்சு. லாரி திரும்ப எடம் பத்தலன்னு அந்தக் கலங்கல் வாயில மண்ணக் கொட்டி மேல சிமெண்ட் போட்டு மூடிட்டானுங்க. அப்பால தண்ணி எங்கதான் போவும், கரைய சுத்திகினு நம்ம தெருவுக்கு வந்துச்சு.

இப்ப அந்த டிவி கதைக்கு வரேன், நெனச்சாலே வயிறு எரியுது. மைக்க புடிச்சுகினு ஒரு பொண்ணு வந்துச்சு, பேண்ட்ட மடிச்சு உட்டுகினு தண்ணிலயே நடந்து வந்துச்சு, நல்ல பொண்ணுதான். நான் அத்த வாசலுக்கு இட்டுகினு போய், கலங்கல்தாம்மா எல்லாத்துக்கும் காரணம், கலங்கல அடைச்சிட்டானுங்க, அதோ பாரு அந்த நீலத் தகரம் போட்ட குடோன்னு கைய நீட்டி காட்டினேன். நீலத் தகரத்த நல்லா படம் புடிங்கன்னும் சொன்னேன். அது தலைய தலைய ஆட்டுச்சு. சாயங்காலம் பாத்தா நான் டிவில கீறேன், கலங்கல்தாம்மான்ற வரைக்கும் என் குரலு, அதுக்கப்பறம் வாயி மட்டும் அசையுது, பின்னாடி எழவு ஊட்டு வயலின். கீழ எழுத்து ஓடுது, பருவநிலை மாற்றம், கண்ணீரில் கலங்கும் தாய்னு. நான் எங்கடி கண்ணீர் உட்டேன்? கொதிச்சுகினு இல்ல நின்னேன். அப்பால கோட்டு போட்டவங்க வட்டமா குந்திகினு வடதுருவத்துல பனி உருகுதுன்னு பேசினாங்க. அடுத்த நாள் அந்த டிவி ஆபீசுக்கு போன் போட்டு கேட்டா, கலங்கல்னா சேத்துத் தண்ணி இல்லயாம்மா, நீங்க மனசு கலங்கி பேசறீங்கன்னு நெனச்சுட்டோம்னு ஒருத்தன் சொல்றான். ஏரி ஏரியா கீற செங்கல்பட்டு, திருவள்ளூர் ஜில்லால செய்தி போடறவனுக்கு கலங்கல்னா இன்னான்னு தெரியல.

பனி உருகலன்னு நான் சொல்லல, வெயிலு ஏறலன்னும் சொல்லல, அத்த படிச்சவங்க பாத்து சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். ஆனா எவன் ஊடு எதனால முழுவினாலும் அந்த ஒரு வார்த்தைய எடுத்து ஒட்டிட்டு கேமராவ தூக்கிகினு போயிடறாங்களே, அதான் எனக்கு ஆவல. குடோனுக்கு ஒரு கேட்டு கீது, அங்க போய் நின்னு நான் நாலு கேள்வி கேக்கலாம். பருவநிலை மாற்றத்துக்கு கேட்டு எங்க கீது, பூந்தமல்லிலேர்ந்து எந்த பஸ்ஸுல ஏறி போறது?

நாங்க சும்மா இல்ல. நானும் எல்லம்மாவும் ரசாக் பாயும் ஏரிய பாத்துக்கற கவர்மெண்ட் ஆபீசுக்குப் போய் கலங்கல தொறந்து உடுங்க சார்னு மனு கொடுத்தோம். அந்த ஆபீசர் போன எடுத்து என்னையே எனக்கு காட்டறாரு. இது உலகப் பிரச்சனம்மா, டிவில நீங்களே சொல்லிகீறீங்க, நாங்க இன்னா பண்ண முடியும்னு கைய விரிச்சிட்டாரு. நான் சொன்னது அது இல்ல சார்னு தொண்ட தண்ணி வத்த கத்தினேன், சிரிச்சுகினே டீ வாங்கிக் கொடுத்தாரு. டீய அங்கயே வெச்சிட்டு வந்துட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம்தான் குடோன் மேனேஜர் நம்ம ஊட்டுக்கு வந்தான். இனிமே வருஷா வருஷம் இப்படித்தான், வானமே மாறிப்போச்சு, வயசான காலத்துல எதுக்கு அவஸ்தை, ஊட்ட எங்களுக்கே கொடுத்துட்டு பொண்ணாண்ட போய் இருங்கன்னு உன் நைனாகிட்ட அவ்ளோ பாசமா பேசறான். சொல்லிட்டு போன நீட்டினான். அதுல இன்னா இருந்துச்சு தெரியுமா, நீ பேஸ்புக்ல போட்டதுதான். அந்த டிவி படத்தப் போட்டு, என் அம்மா ஊடு இனி வாழ முடியாத எடம், எல்லாம் கிளைமேட்டு, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதிகீறயே, அத்த காட்டினான். உங்க பொண்ணே சொல்லுது பாருங்க சார்னான். நான் பேசினா எதிர்த்துப் பேசற மனுஷன், நீ சொன்னா மறுபேச்சு பேசமாட்டாரு, உனக்கே தெரியும். பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தல ஆட்டிட்டாரு. மார்கழில ஊடு விக்கற பேச்சே எடுக்கக்கூடாதுன்னு நான் குறுக்க பூந்து நிறுத்தி வெச்சிகீறேன். தை பொறந்ததும் வரேன்னு சொல்லிட்டு போயிகீறான். நேத்து உன் நைனா நம்ம ஊட்ட ஊடுன்னு சொல்லல, அந்த எடம்னு சொன்னாரு.

பொங்கல் முடிஞ்ச மறுநாள் தெருவே சேந்து குடோன் கேட்டு முன்னாடி போய் குந்தப் போறோம், கலங்கல் வாய தொறக்கற வரைக்கும் லாரிய உடமாட்டோம். எல்லா ஊட்டுலேர்ந்தும் வராங்க. உன் நைனா எங்ககூட வந்து குந்துவாரா, இல்ல உள்ள போய் கையெழுத்து போடுவாராங்கறது நீ பண்ற ஒரு போன்ல கீது. விக்காத நைனான்னு சொல்லு. நீ போட்டத எடுத்துட்டு, கலங்கல மூடினதாலதான் எங்க ஊடு முழுவுச்சுன்னு எழுது. அழறதுக்கு எடுத்துக்கற நேரம்கூட ஆவாது.

அந்த டிவி பொண்ணு வெளியூரு, தெரியாம பண்ணிடுச்சு, உட்டுடலாம். ஆனா நீ இந்தத் தெருவுல வளந்தவ, கலங்கல் மேல குந்தி கால தொங்கப்போட்டு ஆட்டினவ. குரல அடக்கினாங்க, சரி, படத்துல என் கை தெரியுதே. அம்மா மூஞ்சியப் பாத்து அவ்ளோ அழுதியே பானு, அவ கை எங்க நீட்டுதுன்னு ஒரு தடவ பாத்தியா?

வேம்புலி ஆத்தா உன் குடும்பத்த கண்ணுக்குள்ள வெச்சு காப்பாத்தணும், நீங்க ஒரு கொறையும் இல்லாம பல்லாண்டு இருக்கணும். குழந்தைக்கு காதுல பஞ்சு வெச்சு வெளிய இட்டுகினு போ. நைனாவுக்கு சாயங்காலத்துல போன் பண்ணு, காலைல பேப்பர் படிச்சுகினு கோவமா இருப்பாரு.

உன் மேல கோவமும் ஆசையும் ஒண்ணா வெச்சிகீற
அம்மா வேம்புலியம்மாள்