குடோனில் வேலை பார்த்தவள்

நேற்று நூலும் ஃபால்ஸ் துணியும் வாங்க மாசி வீதிக்குப் போனேன். திரும்பும்போது கால் தானாக அந்தச் சந்துக்குள் திரும்பிவிட்டது. கரி பிடித்த சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். புது ஷட்டர் போட்டு, அதன்மேல் 'குடோன் வாடகைக்கு' என்று ஒரு தட்டி தொங்குகிறது. பக்கத்துக் கடையிலிருந்து பாச்சா உருண்டை வாசனை வந்தது. நம் சேலைக் கட்டுகளில் எப்போதும் இருந்த அதே வாசனை. அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை, தோழி.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை ஃபேன், ஒரு தண்ணீர்க் குடம், நாம் இரண்டு பேர். சேலையை மடித்து, விலைச்சீட்டு ஒட்டி, கட்டுக் கட்டி அடுக்கினால் பொழுது போய்விடும். உன் அம்மா ஃபோனில் கூப்பிட்டால் சௌராஷ்டிரத்தில் படபடவென்று பேசுவாய். சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அதில் புரிகிற ஒரே சொல் 'குடோன்' தான்.

உன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைப் பற்றி எழுதி வரச் சொன்னார்களே, அதற்கு மறுநாள் டிஃபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாய்.

"கேளுடி, குடோன் இங்கிலீஷே இல்லையாம்."

"பெறகு?"

"நம்ம கிடங்குதானாம். கப்பலேறி மலாய்க்காரங்க ஊருக்குப் போயி குடாங்னு ஆயிருச்சாம். அங்கன இருந்து இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான். தெலுங்குல இருந்து போச்சுன்னும் சொல்றாங்க. நாம அதையே திரும்ப வாங்கி குடோன்ங்கிறோம்."

"அம்புட்டுத் தூரம் சுத்திட்டு வந்துச்சாக்கும்!"

"எங்க பாஷையும் குஜராத்துல இருந்து நடந்து வந்ததுதான? வழியில ஒட்டுனதெல்லாம் ஒட்டிக்கிட்டு." சொல்லிவிட்டு நீ சுற்றிலும் பார்த்தாய். "கிடங்குன்னா சாமான் கிடக்கிற எடம். நாம எதுக்குடி இதுக்குள்ள கிடக்கோம்?"

இருவரும் சிரித்தோம். அப்போதும் ஷட்டர் வெளியே பூட்டித்தான் இருந்தது. முதலாளி சாப்பிடப் போகும்போதெல்லாம் இறக்கிப் பூட்டிவிட்டுப் போவார். சேலை வெளியே போய்விடக் கூடாது என்கிற பயம். ஒருநாள் நீ நேராகவே கேட்டாய்: "ஒரு அவசரம்னா எப்படிண்ணே வெளிய வர்றது?"

"ஃபோன் இருக்குல்லம்மா, அடிங்க" என்றார்.

அந்த அவசரம் வந்த நாளில் அடித்தாய். அவர் எடுக்கவில்லை.

அன்றைக்கு என்னைக் கோரிப்பாளையத்துக் கடை ஒன்றுக்குப் பார்சல் கொடுக்க அனுப்பியிருந்தார். திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் சிக்கிப் பாலத்தில் நின்றுவிட்டது. உன் அழைப்பு வந்தது.

"ஒயரு புகையுதுடி. மொதலாளி எடுக்க மாட்டேங்கிறாரு. எங்க இருக்க?"

"பாலத்துல. இந்தா வந்துட்டேன், ஷட்டரைத் தட்டு."

"தட்டிக்கிட்டேதான் இருக்கேன். வெரசா வா."

பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது டீக்கடைக்காரர்கள் கடப்பாரையால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றது. ஷட்டரைத் தூக்கியதும் முதலில் புகை வந்தது. நீ வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தாய். முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டியிருந்தாய். தீ உன்னைத் தொடவேயில்லை. கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை.

விசாரணையில் முதலாளி பதறாமல் பேசினார். "அது குடோன் சார். சரக்குப் போட்டு வைக்கிற எடம். அங்க யாருக்கும் வேலை கிடையாது. அந்தம்மா கடையில வேலை பார்த்தவங்க. எதுக்கு உள்ள போனாங்கன்னு தெரியல. சேலை எதுவும் எடுக்கப் போயிருக்கலாம்."

அதிகாரி தலையாட்டியபடி எழுதிக்கொண்டார். நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்ன அர்த்தத்தைத்தான் அந்த மனிதர் உனக்கு எதிராகச் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

"சார், பூட்டு வெளிய தொங்குச்சு. திருடப் போனவ உள்ள இருந்துக்கிட்டு வெளிப்பூட்டை எப்படி சார் பூட்டுவா?"



அதன்பின் அந்த வீதியில் எந்தக் கடையிலும் எனக்கு வேலை இல்லை. ஆனையூர் வீட்டில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். உன் வீட்டுக்காரர், நீயாகத்தான் உள்ளே போனாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. யார் யாரோ வீட்டுக்கு வந்து பேசினார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எத்தனை பேரை எதிர்ப்பார்? கடையில் மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போகிறது.

போன மாதம் உன் மகள் யூனிஃபார்மோடு என்னைத் தேடி வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"அத்தை, எங்கம்மா திருடவா போனாங்க? கிளாஸ்ல சொல்றாங்க."

"இல்லடா தங்கம். வேலை பார்க்கப் போனா. நானும் அவளும் தினமும் அங்கதான் உக்காந்து வேலை பார்த்தோம்."

"அப்பா அப்படிச் சொல்லலையே."

"நான் சொல்றேன்ல."

அதற்குப் பிறகுதான் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாய்தாவுக்கும் போகிறேன். முதலாளியின் வக்கீல் மறுபடி, நீ எதற்கு உள்ளே போனாய் என்றே கேட்பார், நானும் அதையே சொல்வேன். நீ அங்கே வேலை பார்த்தாய் என்று சொல்ல இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.