திருப்பிச் சொல்ல ஓர் ஆள்

மாப்ளே,

போன வாரம் திருச்சி ஆபீசிலிருந்து பஸ் பார்சலில் எனக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் புது ரப்பர் வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு ஹெல்மெட், ஒரு பெல்ட், ஒரு டார்ச், ஒரு ஜோடி கையுறை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பெட்டி எப்போது வந்தாலும் எல்லாம் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். பெரிய ஹெல்மெட் உனக்கு. உன் தலை பூசணிக்காய் என்பது டெல்டா முழுக்கத் தெரிந்த செய்தி. இந்தத் தடவை எல்லாம் ஒற்றை. அடியில் ஒரு காகிதம்: இனிமேல் மாதாந்திர லிஃப்ட் சர்வீசுக்கு ஓர் ஊழியர் போதும்.

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. பந்தல் பிரித்த கயிறு இன்னும் உன் வீட்டு வேப்பமரத்தில் தொங்குகிறது. அதற்குள் நீ நின்ற இடமே தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆறுதல் தேடி உனக்கு இதை எழுதவில்லை. பெரிய யுத்தம் ஒன்று நடந்தது. சேனாதிபதி நீ பக்கத்தில் இல்லாமல் நான் தனியாக நடத்த வேண்டியதாயிற்று. அதைச் சொல்லத்தான்.

நாம் யார்? கும்பகோணத்திலிருந்து பட்டுக்கோட்டை வரை மாடி என்று எங்கெல்லாம் கட்டினார்களோ அங்கெல்லாம் நம் ராஜ்ஜியம். குறுவையும் சம்பாவும் சேர்ந்து விளைந்த மூட்டைகளைவிட அதிகமான ஜனங்களை நாம் மேலே ஏற்றியிருக்கிறோம். ஒருமுறை ஜவுளிக்கடை வாட்ச்மேனிடம், "பெரிய கோயில் கட்டுறப்ப எங்கள மட்டும் கூப்பிட்டிருந்தா அந்த உச்சிக்கல்ல பன்னெண்டு நிமிஷத்துல ஏத்தியிருப்போம்" என்றேன். நீ முகம் மாறாமல், "எட்டு நிமிஷம்ங்க. இவன் டீ குடிக்கிற நேரத்தையும் சேத்துச் சொல்றான்" என்று திருத்தினாய். அவர் நம்பினார். எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அப்படிப்பட்ட இரண்டு சக்கரவர்த்திகள் பழைய லிஃப்டில் செய்த வேலை இவ்வளவுதான். ஒருவன் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று இரு பக்கத்து இரும்புத் தண்டவாளங்களையும் துடைத்து எண்ணெய் போடுவான். இன்னொருவன் மொட்டைமாடி மெஷின் ரூமில் நின்று பெட்டியை அடியடியாக நகர்த்துவான். இருவருக்கும் நடுவே இருப்பது கயிறு இறங்கும் ஓட்டை மட்டும். அந்த இருட்டில் செல்போனுக்கு உயிர் கிடையாது. குரல் ஒன்றுதான்.

நாம் ஜோடி சேர்ந்த நாலாவது வருஷம், கும்பகோணத்து ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். டீ குடித்துவிட்டு நீ கூரைக்கு இறங்கினாய், நான் மெஷின் ரூமுக்கு ஏறினேன். டீக்குப் பிறகு முதல் நகர்வு எப்போதுமே மேலேதான். நாலு வருஷமாக அப்படித்தான். ஆகவே உன் குரல் வருவதற்கு முன்பே நான் பொத்தானை அழுத்திவிட்டேன். நீயோ ஒரு காலைச் சுவரோரச் சட்டத்தில் வைத்துக்கொண்டு பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாய். ஆபீஸ் தந்த ஷூவை நாற்றங்காலில் போட்டு மிதித்துக் கெடுத்திருந்தபடியால் காலில் வெறும் ரப்பர் செருப்பு. பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்து கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை.

ஒற்றைச் செருப்போடு மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றாய். அடிப்பாய் என்று நினைத்து நான் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"கூப்பிட்டனாடா?"

"இல்ல."

"அப்பறம் யாரக் கேட்டு ஏத்துன?"

"வழக்கமா மேலதானே போவோம்னு…"

"வழக்கமா எனக்கு ரெண்டு காலுடா, மாப்ள."

அன்றைக்கே சட்டம் போட்டாய். "நான் ஒரு வார்த்த சொல்லுவேன். அதே வார்த்தைய நீ திருப்பிச் சொல்லணும். அது என் காதுல விழுந்து, நான் 'ம்'முன்னு சொன்னப்பறம்தான் உன் கை பொத்தான்ல படணும். எமனே வந்து மேல ஏத்துன்னாலும் திருப்பிச் சொல்லிட்டு ஏத்து." ஆபீசில் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைக் காப்பாற்றினாய். ஆனால் ஏழு நாள் என்னோடு மேலே, கீழே, நிறுத்து என்ற மூன்றைத் தவிர எதுவும் பேசவில்லை. நானும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டு ஏழு நாளும் கிளிப்பிள்ளையாக வாழ்ந்தேன்.

பிறகு அது வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகள் கல்யாணப் பந்தியில் நீ வாளியோடு வந்து "ரசம்" என்பாய். நான் "ரசம்" என்பேன். "ம்" என்று ஊற்றுவாய். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, தலையில் அடித்துக்கொள்ளும்: "கெழடு ரெண்டும் ஒரேயடியா கழண்டுபோச்சு. எலையில ரசம் ஓடுது, பேச்சு வேற!"

எத்தனை லிஃப்ட் தலையில் நின்றிருப்பாய்! ஒன்றாலும் உன்னை அசைக்க முடியவில்லை. கடைசியில் ரேஷன் கடை வரிசையில், மட்டமான தரையில், பை கையிலிருக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உன்னைக் குழியில் இறக்கியபோது கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. பழக்கம், வாய் தானாக "கீழே" என்றது. சொல்லிவிட்டு நின்றேன். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. "எறக்குங்கண்ணே, எறக்குங்க" என்றார்கள் மற்ற மூன்று பேரும். என் கை அசையமாட்டேன் என்றது. பொம்பளைப் பிள்ளை இங்கெல்லாம் வரக்கூடாது என்ற பெருசுகளைத் தள்ளிக்கொண்டு உன் மகள் அங்கே வந்து நின்றிருந்தாள். அவள்தான் என்னைப் பார்த்து, "கீழே, மாமா" என்றாள். நான் "ம்" என்றேன். இறக்கினோம்.

அப்படி இருக்க, ஓர் ஊழியர் போதுமாம்.

நேற்று மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மூன்றாம் மாடியில் பந்தி, விடிந்தால் முகூர்த்தம், லிஃப்ட் போகும்போதெல்லாம் கத்துகிறது. தண்டவாளம் காய்ந்துபோயிருந்தது. கூரைமேல் நின்று செய்ய வேண்டிய வேலை. ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன். அந்தப் புதுப் பையன் சாரை உனக்குத் தெரியும். சட்டை இஸ்திரியில் ஒரு மடிப்பு கலைந்தால் லீவு போட்டுவிடுவார்.

"ரெண்டாவது ஆள் எப்ப சார் வராரு?"

"லெட்டர் பாக்கலையாண்ணே? இனிமே ஒத்த ஆள்தான்."

"பாத்தேன் சார். ஹெல்மெட் ஜோரா இருக்கு. திருப்பிச் சொல்லத்தான் அதுக்கு வாய் இல்ல."

"வாட்ச்மேன நிக்க வெச்சுக்கங்களேன்."

"அவரு நல்ல மனுஷன் சார். எது நிறுத்துற பொத்தான்னு அவருக்குத் தெரியாது."

"மண்டபத்துக்காரர் என் உயிர எடுக்குறாரு. நீங்க ஏறலைன்னா நாளையிலேர்ந்து வேற ஆளு. யோசிச்சுக்கங்க."

யோசித்தேன், மாப்ளே. ஐம்பத்தாறு வயசு. எனக்குத் தெரிந்த இன்னொரு தொழில் வாயடிப்பது. அதற்கு எவனும் சம்பளம் தரமாட்டான். பழைய பெட்டி, கொஞ்ச நேர வேலை, ஒருவேளை ஒன்றும் ஆகாது. 'வழக்கமாக ஒன்றும் ஆகாது' என்று மனசு ஓடியபோதுதான் எனக்கே என்மேல் கோபம் வந்தது. மெயினை அணைத்துப் பூட்டினேன், சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். மேடையிலிருந்த மாப்பிள்ளை நாற்காலியை, சிவப்பு வெல்வெட்டும் இரண்டு பக்கம் தங்கச் சிங்கமும் வைத்ததை, இழுத்து வந்து லிஃப்ட் வாசலில் போட்டு உட்கார்ந்தேன். சமையல்காரர்கள் அண்டாவைப் படியில் தூக்கிக்கொண்டு போகும்போது என் வம்சத்தையே வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் கையுயர்த்தி ஆசி வழங்கினேன்.

மூன்று மணிக்கு மேனேஜரே காரில் வந்து இறங்கினார். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கூட்டாளி போனதுல உங்களுக்கு மனசு சரியில்ல. எனக்குப் புரியுதுண்ணே."

"மனசு நல்லாத்தான் இருக்கு சார். ஆளுதான் ஒண்ணு கொறையுது."

"இப்ப நான் என்ன செய்யணுங்கிறீங்க?"

"நீங்க இன்ஜினியரு. மெஷின் ரூமுக்கு ஏறுங்க. நாலு மாடி. லிஃப்ட் ஓடல, படியிலதான் போகணும்."

சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தேன், சாவியைக் கொடுத்தேன். அவர் ஏறினார். நான் கூரைமேல் இறங்கி, பெல்ட்டை மாட்டி, தண்டவாளத்தில் ஒரு கை வைத்துக்கொண்டு "கீழே" என்றேன். பதில் குரல் இல்லை. பெட்டி மட்டும் சடாரென்று ஒரு ஜாண் இறங்கியது.

"நிறுத்து!"

நின்றது. கையை எடுத்து விரல்களை எண்ணினேன், ஐந்தும் இருந்தன. ஓட்டை வழியாக ஒரு சின்னக் குரல் வந்தது.

"அண்ணே… அண்ணே, இருக்கீங்களா? நீங்க சொன்னதும் கை தானா போயிடுச்சு."

"இருக்கேன் சார். அதுக்குத்தான் உங்கள ஏத்துனேன்."

கயிறு அதிர்ந்து அடங்கும்வரை பொறுத்தேன். மறுபடி "கீழே" என்றேன்.

"கீழே, அண்ணே."

"அண்ணே வேண்டாம். வார்த்த மட்டும்."

"கீழே."

சரியாகத்தான் சொன்னார். நான்தான் உடனே 'ம்' சொல்லவில்லை. அந்த ஓட்டையில் இருபத்தாறு வருஷமாக வந்துகொண்டிருந்தது உன் கட்டைக் குரல். அங்கே வேறொருவன் குரலை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேலே அந்தப் பையன் பொத்தானைத் தொடாமல் காத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னேன், "ம்."

வேலை முடிந்து இறங்கி வந்தபோது சார் சட்டையின் முழங்கையில் கிரீஸ், முகமெல்லாம் வேர்வை. சர்வீஸ் தாளை வாங்கி, ஆட்கள் என்ற இடத்தில் அவர் கையாலேயே இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஹெட் ஆபீஸ் ஒத்துக்கலைன்னாண்ணே?"

"நீங்களே வந்துடுங்க சார். கொரல் பரவால்ல."

சிரிக்கவில்லை அவர். ஹெட் ஆபீஸ் ஒத்துக்கொள்ளும் என்று எனக்கும் தோன்றவில்லை. இன்னொரு காகிதம் வரும், அதற்குமேல் ஒரு காகிதம் வரும், ஒருநாள் வீட்டுக்குப் போ என்றும் வரும். வரட்டும். இன்று காலை முகூர்த்தத்துக்கு வந்த ஊர் முழுக்க அந்த லிஃப்டில் சத்தமில்லாமல் ஏறிப்போய்ச் சாப்பிட்டது. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, படியிறங்கி, தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தேன். இரண்டு காலாலும் நடந்து வந்தேன், மாப்ளே. அதில் ஒன்றைக்கூட அவர்களுக்குக் கொடுப்பதாக இல்லை.