நான்கு நிமிடம் பிந்திய ஓட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மழையிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார்களா?

போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய போட்டி நடந்தது. கடலில் இரண்டு கிலோமீட்டர் நீந்தி, தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எட்டரை மணி நேரத்தில் முடித்தால் தன் குழுவில் சேர்ப்பதாகப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இந்த ஹோட்டல் லாண்டரி வேலைதான்.

கடலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சு வராமல் காவல் படகைப் பிடித்துக்கொண்டேன். "தங்கச்சி போதும், ஏறுங்க" என்றார் படகுக்காரர், அரைகுறைத் தமிழில்.

"மாட்டேன் அண்ணே, ஏறினா எல்லாம் முடிஞ்சிரும்" என்று அழுதுகொண்டே படகிலிருந்து கையை எடுத்தேன்.

சைக்கிள் பரவாயில்லை. நம் அக்கரப்பத்தனை மலை ஏற்றத்தில் மிதித்த கால் அல்லவா? ஓட்டத்தில்தான் தொடை இழுத்துக்கொண்டது. கடைசி மூன்று கிலோமீட்டரும் "சாமி, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சிக்கொண்டே நொண்டினேன். எல்லைக்கோட்டைத் தொட்டபோது, நேரம் முடிந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பயிற்சியாளர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு அடுத்து வந்தவரிடம் போய்விட்டார். இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை அப்பா. இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அம்மாவிடம் கடலைப் பற்றிச் சொல்லாதீர்கள். சூப்பர்வைசர் கூப்பிடுகிறார், நிறுத்துகிறேன். இங்கே வேர்த்துக் கொட்டுகிறது, இருந்தாலும் அம்மா போடுகிற பழைய சுவெட்டரை அனுப்பிவையுங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்,
கேஷிகா