கருங்காலி வீட்டு ஃபெரட்

ஸ்டோன்ரிக் சுரங்கக் குடியிருப்பு,
டர்ஹம்.
ஜூன், 1928

அன்புள்ள ரால்ஃபுக்கு,

உன் ஹன்னா எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். மலைக்காற்றில் உன் இருமல் கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். உனக்குத் தரும் முட்டையைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிடுகிறாய் என்று நர்ஸ் சொன்னாள். தர்மம் செய்யும் நிலையிலா இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடு.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. உன் பெஸ் செத்துப்போய்விட்டது.

நீ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முயல் பிடிக்கும் அந்த ஃபெரட்டை என் தலையில் கட்டினாய். கீரியைப் போல நெளியும் அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. முதலில் விரலை நீட்டிக் கடி வாங்கினேன். கையை மூடிக்கொண்டு முட்டியை மோந்து பார்க்கவிட்டால் கடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. பட்டினி போட்டால் வேகமாக வேட்டையாடும் என்று நினைத்து, ஒரு வாய்கூடக் கொடுக்காமல் முயல் வளைக்குள் விட்டேன். அது உள்ளேயே ஒரு முயலைக் கொன்று, தின்று, சுருண்டு தூங்கிவிட்டது. பொழுது சாயும்வரை மண்ணைத் தோண்டி அதை வெளியே எடுத்தேன். அடுத்த முறை பாலில் ஊறிய ரொட்டி கொஞ்சம் கொடுத்து, வளையின் வாய்தோறும் சுருக்குவலை விரித்துக் காத்திருந்தேன். காலடியில் தடதடவென்று ஓட்டம் கேட்டது, வலை துள்ளியது. வலையில் சிக்கிய முயலின் கழுத்தைத் திருகிவிட்டு அழுதேன். ஆனால் குழம்பில் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. போன குளிர்காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டது பெஸ்தான்.

வசந்தத்தில் அது பருவத்துக்கு வந்தது. ஆணோடு சேர்க்காவிட்டால் பெண் ஃபெரட்டுக்குப் பருவம் அடங்காது, ரத்தம் வற்றிச் செத்துவிடும் என்று எனக்குச் சொன்னதே நீதான். இரண்டு வருஷத்துக்கு முன் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது ஊரார் தங்கள் ஃபெரட்டுகளை விற்றுத் தின்றாயிற்று. மிஞ்சிய ஒரே ஆண் உன் தம்பி ஆம்ப்ரோஸ் வீட்டில், நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். போகட்டுமா என்று கேட்டு எழுதினேன். "கருங்காலி வீட்டு வாசப்படிய மிதிச்சா நீ என் பொண்டாட்டியே இல்ல" என்று பதில் போட்டாய். நானும் மிதிக்கவில்லை. பெஸ்ஸுக்கு முடி கொட்டியது, ஈறு வெளுத்தது, பின்னங்கால் இழுத்துக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை என் மடியிலேயே போய்விட்டது.

மறுநாள் ஆம்ப்ரோஸ் புறக்கடையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா நானே ஆண கொண்டாந்து விட்டிருப்பேனே அண்ணி" என்றான். சட்டைக்குள்ளிருந்து பால் மறந்த பெண் குட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். பக்கத்து ஹெட்லி வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டி, "புருஷன் படுத்த படுக்கையா கெடக்கான், இவளுக்குக் கருங்காலியோட கொஞ்சல் கேக்குதா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். "வர்ற குளிர்காலத்துக்கு என் புள்ளைங்களுக்கு நீ கறி போடுறியா? போடு, இவனத் தொரத்திடுறேன்" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். இப்போது கடையில் என்னோடும் யாரும் பேசுவதில்லை.

ஆம்ப்ரோஸ் செய்தது தப்புதான் ரால்ஃப். வேலைநிறுத்தத்தில் ஊரே பட்டினி கிடக்கும்போது அவன் சுரங்கத்தில் இறங்கியது தப்பு. நானும் அன்றைக்கு மற்றப் பெண்களோடு நின்று அவன் முகத்தில் துப்பியவள்தான். ஆனால் அவன் குழந்தை பாலில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்த வாரத்தில்தான் அவன் இறங்கினான். அப்படியும் அது பிழைக்கவில்லை. அடக்கத்துக்குக்கூட நாம் போகவில்லை. நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன முறை பெரிய டாக்டர் ஆஸ்பத்திரி வாசல்வரை என்னோடு நடந்து வந்தார். என்ன பேசினார் என்று எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஆம்ப்ரோஸையும் வரச் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டு, பொண்டாட்டி இல்லை என்று சொல், எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். அவனைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பி மட்டும் படுக்காதே. இந்த வீம்புக்கு ஓர் உயிரைக் கொடுத்தது போதும்.

கர்த்தர் உனக்கு மூச்சுத் தரட்டும். அதில் ஒரு வார்த்தையை உன் தம்பிக்குக் கொடு, ரால்ஃப். பேசாமல் போய்விடாதே.

உன்,
ஹன்னா